அரசியல் அறிவியலும் சமூகவியலும் சேர்த்துப் படிக்கலாமா? – வாசகர் கேள்வி பதில்

பிளஸ் டூ முடித்த பிள்ளைகள், பெற்றோர், ஏற்கெனவே கல்லூரியில் இருப்பவர்கள் என்று பலரும் இந்த இரண்டு பாடங்களைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். அவற்றுள் சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறோம். இந்தப் பாடங்களைக் கல்லூரியில் நடத்துபவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள்.


கேள்வி: என் மகள் அரசியல் அறிவியலும் சமூகவியலும் சேர்ந்த பட்டம்தான் வேண்டும் என்கிறாள். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே? ஒரே விஷயத்தை இரண்டு முறை படித்ததாக ஆகிவிடாதா?
– ஒரு தந்தை, கரூர்

ஆகாது. இரண்டும் பல இடங்களில் ஒரே பொருளைத்தான் பார்க்கின்றன, ஆனால் கேட்கும் கேள்விகள் வேறு.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. சென்னை மாகாணத்தில் மருத்துவ, பொறியியல் கல்லூரி இடங்களை வகுப்புவாரி அரசாணைப்படி பிரித்துக் கொடுத்தார்கள். ஒவ்வொரு 14 இடத்திலும் பிராமணர் அல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஆணையில் ஹரிஜனங்கள் என்று குறிக்கப்பட்ட பட்டியல் சாதியினருக்கு 2, ஆங்கிலோ இந்தியர், இந்தியக் கிறிஸ்தவர் இரு தரப்புக்கும் சேர்த்து 1, முஸ்லிம்களுக்கு 1. இந்த ஆணை செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1951 ஏப்ரலில் செண்பகம் துரைராஜன் வழக்கில் தீர்ப்பளித்தது. அடுத்த இரண்டு மாதங்களில், ஜூனில், அரசியலமைப்பின் முதல் திருத்தம் வந்து, பிற்படுத்தப்பட்டோருக்கு அரசு சிறப்பு ஏற்பாடு செய்ய இடம் தரும் 15(4) பிரிவு சேர்ந்தது.

அரசியல் அறிவியல் வகுப்பில் இதைப் படிக்கும்போது கேள்விகள் இப்படி வரும்: அடிப்படை உரிமையும் அரசுக்கான வழிகாட்டு நெறியும் மோதினால் எது நிற்கும்? நீதிமன்றம் தடுத்ததை நாடாளுமன்றம் எப்படி மாற்ற முடிந்தது? ஒரு மாகாணத்தில் எழுந்த எதிர்ப்பு தில்லி வரை போய் அரசியலமைப்பையே திருத்தவைத்தது எப்படி?

சமூகவியல் வகுப்பு அந்த 14 இடங்களின் கணக்கையே கையில் எடுக்கும். ‘பிற்படுத்தப்பட்ட இந்துக்கள்’ என்ற தனிப் பிரிவு 1947-ல்தான் அந்தக் கணக்குக்குள் வந்தது. அதற்கு முன் பிராமணர் அல்லாதார் என்ற ஒரே பிரிவுக்குள் நிலமும் படிப்பும் உள்ள சாதிகளும் இருந்தன, இரண்டும் இல்லாத சாதிகளும் இருந்தன. அந்தப் பிரிவுக்கென்று ஒதுக்கிய இடங்கள் உள்ளுக்குள் யாருக்குப் போயின? அரசு போட்ட ஒரு பெயர், நாளடைவில் மக்கள் தங்களை அழைத்துக்கொள்ளும் பெயராக எப்படி மாறுகிறது? சட்டப் புத்தகத்தில் இதற்கு விடை கிடைக்காது.

இரண்டு பாடத்தையும் ஒரே ஆள் கற்றுக்கொண்டு ஒரே ஊரில் பயன்படுத்தினால் என்ன கிடைக்கும் என்பதற்கும் தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. ஆந்த்ரே பெத்தேய் என்ற சமூகவியலாளர் 1961-62-ல் தஞ்சாவூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் தங்கி ஆய்வு செய்தார். ஊரின் உண்மைப் பெயரை மறைத்து ஸ்ரீபுரம் என்று எழுதினார். ஒரு காலத்தில் அந்த ஊரில் சாதியில் மேலே, நிலத்தில் மேலே, ஊர் அதிகாரத்தில் மேலே என்று மூன்றும் அக்கிரகாரத்திலேயே இருந்தன. அவர் போனபோது மூன்றும் பிரிந்துகிடந்தன. பஞ்சாயத்தும் கட்சித் தொடர்பும் பிராமணர் அல்லாதார் கைக்கு வந்துவிட்டன. நிலம் அதே வேகத்தில் கை மாறவில்லை. சாதி, வர்க்கம், அதிகாரம் ஆகிய மூன்றையும் தனித்தனியாக அளந்ததால்தான் அவருக்கு இது தெரிந்தது. தேர்தல் முடிவை மட்டும் பார்த்திருந்தால் அதிகாரம் மாறியது தெரிந்திருக்கும், நிலத்தின் நிலை தெரிந்திருக்காது. சாதி அடுக்கை மட்டும் பார்த்திருந்தால் எதுவும் மாறவில்லை என்றே தோன்றியிருக்கும்.

உங்கள் மகள் கேட்பது நல்ல சேர்க்கை. ஆனால் இரண்டிலும் பாதிப் பாதி தெரிந்து, எதிலும் ஆழமில்லாமல் வெளியே வரும் அபாயமும் இதில் உண்டு. பட்டத்தின் பெயரைவிட, இரண்டாம், மூன்றாம் ஆண்டில் எந்தத் தாள்களை எடுக்கிறார், ஆய்வு முறைத் தாளை ஒழுங்காகப் படிக்கிறாரா என்பதுதான் இதைத் தீர்மானிக்கும்.


கேள்வி: அரசுப் பள்ளியில் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் குரூப்பில் படிக்கிறேன். இரண்டு பாடமும் சேர்ந்த பி.ஏ. எங்கே கிடைக்கும்? பள்ளியில் சமூகவியல் படிக்கவில்லை. அது தடையா?
– பிளஸ் டூ மாணவி, திண்டுக்கல்

பள்ளியில் சமூகவியல் படிக்காதது தடையில்லை. கல்லூரியில் அந்தப் பாடம் அடிப்படையிலிருந்துதான் தொடங்கும்.

தமிழ்நாட்டில் பி.ஏ.வின் அமைப்பு உங்களுக்குத் தெரிந்திருக்கும்: பகுதி 1 தமிழ், பகுதி 2 ஆங்கிலம், பகுதி 3-ல் முதன்மைப் பாடமும் (மேஜர்) அலைடு எனும் துணைப் பாடங்களும். பட்டம் ஒரே மேஜரின் பெயரில்தான் வரும். ஆகவே இங்கே நடைமுறைக்கு ஒத்த வழி, பி.ஏ. அரசியல் அறிவியலில் சேர்ந்து சமூகவியலை அலைடாக எடுப்பது, அல்லது சமூகவியலில் சேர்ந்து அரசியல் அறிவியலை அலைடாக எடுப்பது. எந்தக் கல்லூரியில் எந்த அலைடு என்பதை முன்கூட்டியே முடிவு செய்திருப்பார்கள். மாணவர் கேட்டதைக் கொடுக்க மாட்டார்கள். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். விண்ணப்பிக்கும் முன்பே அந்தக் கல்லூரியின் பாடத்திட்டத்தை இணையதளத்திலிருந்து இறக்கி, முதல் நான்கு செமஸ்டர்களில் அலைடு என்று என்ன போட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். வரலாறோ பொருளியலோ இருந்தால் உங்களுக்கு வேண்டிய சேர்க்கை அங்கே இல்லை.

இரண்டையும் சம எடையோடு படிக்க வேண்டுமானால் வெளிமாநிலம் போக வேண்டியிருக்கும். கர்நாடகத்தில் பி.ஏ.வில் பல பாடங்களைச் சமமாக எடுத்துப் படிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. தில்லிப் பல்கலைக்கழகத்தில் இரண்டு வழிகள். ஒன்று, பி.ஏ. புரோகிராம்: இரண்டு பாடங்கள் கொண்ட சேர்க்கையாகவே இடம் தருவார்கள். அரசியல் அறிவியலோடு சமூகவியல் சேர்ந்த இணை சில கல்லூரிகளில் மட்டும்தான் இருக்கும். இன்னொன்று, ஒரு பாடத்தில் பி.ஏ. ஆனர்ஸ் சேர்ந்து, குறைந்தது ஏழு பொது விருப்பத் தாள்களை மற்றப் பாடத்திலேயே எடுப்பது. தாளுக்கு 4 கிரெடிட் வீதம் 28 கிரெடிட் சேர்ந்தால், எட்டு செமஸ்டர் முடியும்போது அந்தப் பாடம் ‘மைனர்’ (துணைப் பாடம்) என்று குறிக்கப்படும். இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. விருப்பத் தாள்களுக்குக் கல்லூரியில் இட வரம்பு இருக்கும். ஒரு செமஸ்டரில் நேரம் தவறி வேறு பாடத்தை எடுத்துவிட்டால் ஏழு தாள் கணக்கு துண்டு விழக்கூடும்.

தில்லிக்குப் போக, மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கான பொது நுழைவுத் தேர்வான க்யூட் எழுத வேண்டும். ஒரு பாடத்துக்கு 60 நிமிடத்தில் 50 கேள்விகள். சரியான விடைக்கு 5 மதிப்பெண், தவறுக்கு 1 குறையும். அதிகபட்சம் ஐந்து பாடங்கள் எழுதலாம். வினாத்தாளைத் தமிழிலும் வாங்கலாம். பொதுவாக ஒரு மொழியும் மூன்று பாடங்களும் கேட்பார்கள். உங்கள் குரூப்புக்கு அது அப்படியே பொருந்தும். தில்லிப் பல்கலைக்கழகம் பிளஸ் டூவில் படித்த பாடத்தைத்தான் க்யூட்டிலும் எழுதச் சொல்கிறது. அதனால் சமூகவியலில் சேரப்போகிறோமே என்று க்யூட்டில் சமூகவியலை எடுத்துவிடாதீர்கள். வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல் மூன்றையுமே எழுதுங்கள். கேள்விகள் மத்திய அரசின் என்.சி.இ.ஆர்.டி. பாடப் புத்தகங்களை ஒட்டி வரும். மாநிலப் பாடநூலை மட்டும் நம்பிப் போனால் சர்வதேச அரசியல், சுதந்திரத்துக்குப் பிந்தைய கட்சி அரசியல் பகுதிகளில் திணறுவீர்கள்.

இன்னொன்றையும் இப்போதே யோசித்துவையுங்கள். ஒன்றாம் வகுப்பிலிருந்து தமிழ் வழியில் படித்து, பிற்பாடு மாநில அரசு வேலைக்குப் போகும் எண்ணம் இருந்தால், தமிழ் வழியில் படித்தோருக்கான 20 சதவீத முன்னுரிமை பெரிய பலம். வேலைக்குக் கேட்கும் கல்வித் தகுதி வரை முழுவதும் தமிழ் வழியில் இருந்தால்தான் அது கிடைக்கும். பட்டத்தை ஆங்கில வழியில் முடித்தால், பட்டப்படிப்பு கேட்கும் பணிகளுக்கு அந்தச் சலுகை போய்விடும். தில்லி வேண்டாம் என்பதற்காகச் சொல்லவில்லை. எதைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.


கேள்வி: வேலைக்குப் போகிறேன். அஞ்சல் வழியில் இரண்டையும் படிக்க முடியுமா?
– ஒரு வாசகர், ஓசூர்

முடியும். இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமான இக்னோவின் பொது பி.ஏ.வில் இந்த இரண்டு பாடங்களையும் சேர்த்து எடுக்க வழி உண்டு, எம்.ஏ.வுக்கு இரண்டும் தனித்தனிப் பட்டங்கள். ஜனவரி, ஜூலை என்று ஆண்டுக்கு இரண்டு சேர்க்கை. ஜூன், டிசம்பரில் தேர்வு. அசைன்மென்ட்டுக்கு 30 சதவீதம், எழுத்துத் தேர்வுக்கு 70. வேலைக்குப் போகிறவர்கள் தவறுவது பெரும்பாலும் அசைன்மென்ட்டில்தான். அதை உரிய காலத்தில் கொடுக்காவிட்டால் தேர்வில் நன்றாக எழுதியும் அந்தப் பாடம் முடியாமல் தொங்கும். ஒப்படைத்ததற்கான ரசீதைப் பட்டம் கைக்கு வரும்வரை பத்திரமாக வைத்திருங்கள்.

ஒரே சமயத்தில் இரண்டு பட்டம் படிக்கப் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022-ல் அனுமதி தந்தது. கல்லூரியில் நேரடியாக ஒன்று, தொலைநிலையில் ஒன்று என்று படிப்பவர்கள் இருக்கிறார்கள். உங்கள் பல்கலைக்கழகம் இதை ஏற்றிருக்கிறதா என்பதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொண்ட பிறகே பணம் கட்டுங்கள்.


கேள்வி: இரண்டு பாடமும் சேர்ந்த பட்டத்தில் இரண்டாம் ஆண்டு. அரசியல் தாள்களில் நல்ல மதிப்பெண் வருகிறது. சமூகவியலில் அதே அளவு உழைத்தும் குறைகிறது. மார்க்ஸ், வெபர் இரண்டிலும் வருகிறார்கள். ஒரே குறிப்பை வைத்து எழுதுகிறேன். எங்கே தவறு?
– ஒரு மாணவர், தில்லி

தவறு அந்த ஒரே குறிப்பில்தான்.

ஜெர்மன் சமூகவியலாளர் மாக்ஸ் வெபரையே எடுத்துக்கொள்வோம். அதிகாரத்தை மக்கள் ஏற்பதற்கு அவர் மூன்று அடிப்படைகள் சொல்கிறார்: மரபு, தலைவரின் தனி ஈர்ப்பு, சட்டமும் விதியும். அரசியல் கோட்பாட்டுத் தாளில் இது சட்டபூர்வத் தன்மை பற்றிய விவாதம். அரசுக்குக் கீழ்ப்படிய வேண்டிய கடமை எங்கிருந்து வருகிறது, ஈர்ப்புள்ள தலைவர் போன பிறகு கட்சி எப்படி நிற்கிறது, அதிகாரிகள் அமைப்பு ஜனநாயகத்துக்குத் துணையா தடையா என்று உங்கள் பதில் ஒரு நிலைப்பாட்டை எடுத்து வாதாட வேண்டும்.

சமூகவியல் தாளில் அதே மூன்றும் ஆராய்ச்சிக்கு உதவும் மாதிரி வகைகள். உலகில் எந்த அதிகாரமும் சுத்தமாக ஒரே வகையில் அடங்காது என்பது வெபருக்கே தெரியும். தாலுகா ஆபீஸில் விஏஓவின் கையெழுத்து செல்லுபடியாவது சட்டத்தால். ஆனால் ஊர்க்காரர் அவரிடம் பேசும் விதத்தில், உட்காரும் இடத்தில் மரபும் சாதியும் கலந்திருக்கும். அந்தக் கலவையைப் பிரித்துக் காட்டினால் சமூகவியல் ஆசிரியர் மதிப்பெண் போடுவார். மூன்று வகைகளையும் விளக்கி, வகைக்கு ஒரு தலைவர் பெயரைப் போட்டு முடித்தால் அது பிளஸ் டூ பதில்.

சமூகவியலில் மதிப்பெண் குறைய இன்னொரு காரணம், ‘இப்படி இருக்க வேண்டும்’ என்று எழுதுவது. அரசியல் கோட்பாட்டில் நீதி, சமத்துவம் எப்படி இருக்க வேண்டும் என்று வாதிடலாம். அதற்குத்தான் அந்தத் தாள். சமூகவியலில் முதலில் எப்படி இருக்கிறது, ஏன் அப்படி நீடிக்கிறது என்பதைக் காட்ட வேண்டும். உங்கள் கடைசி இரண்டு கட்டுரைகளை எடுத்து, ‘வேண்டும்’ என்று முடியும் வாக்கியங்களைக் கோடிட்டுப் பாருங்கள். பக்கத்துக்கு மூன்று நான்கு வந்தால் நோய் பிடிபட்டுவிட்டது.

குறிப்பு எடுக்கும்போது நோட்டின் பக்கத்தை இரண்டாக மடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் ஆசிரியர் சொல்லும் வாதம், வலப்பக்கம் அதற்கு அவர் காட்டும் சான்று: எந்த ஊர், எந்த ஆண்டு, எத்தனை பேரிடம் பேசினார், அல்லது எந்த ஆவணம். அரசியல் கோட்பாட்டு நூல்களுக்கு வலப்பக்கம் பெரும்பாலும் காலியாக இருக்கும், அதில் தவறில்லை. சமூகவியல் நூலுக்கு வலப்பக்கம் காலியாக இருந்தால் நீங்கள் நூலைப் படிக்கவில்லை, யாரோ எழுதிய சுருக்கத்தைப் படித்திருக்கிறீர்கள்.


கேள்வி: இறுதியாண்டு ப்ராஜெக்ட்டுக்கு ‘எங்கள் தொகுதியில் சாதியும் வாக்களிப்பும்’ என்று தலைப்பு எடுத்திருக்கிறேன். கூகுள் ஃபார்மில் 200 பேர் பதில் போட்டுவிட்டார்கள். வழிகாட்டி இதை ஏற்க மறுக்கிறார். 200 போதாதா?
– ஒரு மாணவி, விழுப்புரம்

வழிகாட்டி செய்தது சரி. எண்ணிக்கையைவிட முக்கியம் அந்த 200 பேர் யார் என்பது. ஃபார்ம் உங்கள் வாட்ஸ்அப் குழுக்கள் வழியாகத்தான் போயிருக்கும். நிரப்பியவர்கள் உங்கள் வயதுக்காரர்கள், கையில் ஸ்மார்ட்போன் உள்ளவர்கள், பெரும்பாலும் உங்கள் சமூகத்து வட்டம். அறுபது வயது விவசாயக் கூலிப் பெண் ஒருவர்கூட அதில் இருக்க மாட்டார். அப்படி 2,000 பேர் நிரப்பினாலும் அது தொகுதியின் குரல் ஆகாது.

முதலில் தலைப்பைச் சுருக்குங்கள். ஒரு சட்டமன்றத் தொகுதி முழுவதையும் ஒரு மாணவி தனியாக ஆராய முடியாது. ஓர் ஊராட்சி, அல்லது நான்கு வாக்குச்சாவடிகள் போதும். ‘உள்ளாட்சித் தேர்தலிலும் சட்டமன்றத் தேர்தலிலும் ஒரே காரணங்களால் வாக்களிக்கிறார்களா’ என்பது மாதிரி ஒரே ஒரு கேள்வியாக்கிக்கொள்ளுங்கள்.

யார் யாரிடம் கேட்பது என்ற மாதிரியை எடுக்க வாக்காளர் பட்டியலைப் பயன்படுத்துங்கள். தேர்தல் ஆணையத்தின் தளத்தில் பாகம் வாரியாகக் கிடைக்கும். ஒரு சாவடியில் 900 வாக்காளர் என்று வைத்துக்கொள்வோம். உங்களுக்குச் சாவடிக்கு 30 நேர்காணல் வேண்டும். ஆனால் வெளியூர் போனவர், இறந்தவர், பேச மறுப்பவர் இருப்பார்கள் என்பதால் 45 பெயர்களை எடுங்கள். 900-ஐ 45-ஆல் வகுத்தால் 20. ஒன்றிலிருந்து 20 வரை சீட்டு எழுதிக் குலுக்கி ஒன்றை எடுங்கள். 13 வந்தால் வரிசை எண் 13, 33, 53 என்று இருபது இருபதாகத் தாண்டிப் பெயர்களைக் குறித்துக்கொள்ளுங்கள். நாட்டின் பெரிய தேர்தல் ஆய்வுகளை நடத்தும் லோக்நிதி அமைப்பும் வாக்காளர் பட்டியலிலிருந்து இதே முறையில்தான் பெயர்களை எடுக்கிறது.

களத்தில் கெடுவது இங்கேதான்: பட்டியலில் உள்ளவர் வீட்டில் இல்லை என்றதும் பக்கத்து வீட்டுக்காரரிடம் கேட்டு நிரப்பிவிடுவார்கள். அந்த நிமிடமே மாதிரி உடைந்துவிடும். பகலில் வீட்டில் இருப்பவர்கள் ஒரு மாதிரி, வேலைக்குப் போனவர்கள் வேறு மாதிரி. குறித்த ஆளையே சாயங்காலமும் ஞாயிற்றுக்கிழமையும் போய்ப் பாருங்கள். மூன்று முறையும் கிடைக்காவிட்டால் ‘கிடைக்கவில்லை’ என்று எழுதுங்கள். அந்த எண்ணிக்கையை ஆய்வேட்டில் கொடுப்பது குறையில்லை, கொடுக்காததுதான் குறை.

பெண்களிடம் கேட்கும்போது கணவரோ மகனோ குறுக்கே வந்து பதில் சொல்வார்கள். அவரிடம் வேறு பேச்சுக் கொடுக்க ஒரு தோழியைக் கூட்டிப்போவது பெரிய உதவி. யாருக்கு வாக்களித்தீர்கள் என்று வாய்விட்டுக் கேட்காதீர்கள். கட்சிச் சின்னங்கள் அச்சிட்ட சீட்டைக் கொடுத்து, அவரே குறியிட்டு மடித்துப் பெட்டியில் போடச் சொல்லுங்கள். சாதிக் கேள்வியைக் கடைசியில் வையுங்கள். பட்டியல் நீட்டாமல், அவர் சொல்லும் பெயரை அப்படியே எழுதுங்கள். வகைப்படுத்துவது பிறகு உங்கள் மேசையில். ‘சாதியும் பணமும் உங்கள் வாக்கைத் தீர்மானிக்கின்றனவா’ என்று இரண்டை ஒன்றாக முடிச்சுப் போட்ட கேள்வி வேண்டவே வேண்டாம். ஆம் என்றால் எதற்கு ஆம் என்று தெரியாது. பெயர், வீட்டு எண் உள்ள தாளையும் பதில் தாளையும் தனித்தனியாக வையுங்கள். தேர்தல் நேரமாக இருந்தால் வாக்குப்பதிவை ஒட்டிய காலத்தில் வாக்களித்து வருபவர்களிடம் கருத்துக் கேட்பதற்குச் சட்டத் தடை உண்டு என்பதையும் மறக்க வேண்டாம்.

நான்கு சாவடியில் 120 நேர்காணல் வந்தால், முடிவுகள் ஏறக்குறைய 9 சதவீதப் புள்ளிகள் மேலேயோ கீழேயோ இருக்கலாம். 5 புள்ளிக்குள் வேண்டுமானால் 384 பேர் தேவை. சாவடி சாவடியாகக் கொத்தாக எடுப்பதால் உண்மையில் இதைவிடக் கொஞ்சம் கூடுதல் பிழை இருக்கும். ஆகவே 48 சதவீதத்துக்கும் 52 சதவீதத்துக்கும் இடையே வித்தியாசம் கண்டுபிடித்ததாக எழுதிவிடாதீர்கள். வைவா எனும் வாய்மொழித் தேர்வில் அந்த இடத்தைத்தான் முதலில் பிடிப்பார்கள்.

அந்த 200 ஃபார்ம்களைத் தூக்கிப் போட வேண்டாம். கேள்விகளின் வாசகம் புரிந்ததா என்று சோதித்த முன்னோட்டமாக ஒரு பத்தியில் குறிப்பிடலாம்.


கேள்வி: ஐ.ஏ.எஸ். தேர்வுக்கு இரண்டும் பயன்படுமா? எதை விருப்பப் பாடமாக எடுப்பது?
– ஒரு வாசகர், தென்காசி

விருப்பப் பாடம் ஒன்றுதான். இரண்டு தாள், 500 மதிப்பெண். அரசியல் அறிவியல் எடுத்தால் சர்வதேச உறவுகளும் சேர்ந்தே வரும். பாடப்பரப்பு பெரிது, செய்திகளை நாள்தோறும் தொடர வேண்டும். சமூகவியலின் பரப்பு சிறிது, ஆனால் சிந்தனையாளர்களை மேலோட்டமாகப் படித்தவர்கள் அதில் மாட்டிக்கொள்வார்கள். இரண்டையும் படித்தவருக்கு, எடுக்காத பாடமும் வீணாகாது. பொது அறிவு முதல் தாளில் இந்தியச் சமூகமும் இரண்டாம் தாளில் அரசியலமைப்பும் ஆட்சிமுறையும் வருகின்றன. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 1-ல் விருப்பப் பாடமே கிடையாது.


கேள்வி: எம்.ஏ.வில் எதை எடுத்தால் ஆசிரியர் வேலை கிடைக்கும்? இரண்டும் கலந்த பட்டத்தை டி.ஆர்.பி. ஏற்குமா?
– ஒரு பெற்றோர், நாமக்கல்

பள்ளி வேலை என்றால் அரசியல் அறிவியல்தான். தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் அது ஒரு பாடம். ஆசிரியர் தேர்வு வாரியம் (டி.ஆர்.பி.) நடத்தும் முதுகலை ஆசிரியர் தேர்விலும் அதற்கு இடமுண்டு. சமூகவியலுக்கு அந்த வாய்ப்பு கிடையாது.

கல்லூரிக்கு நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வோ, மாநில அளவிலான செட் தேர்வோ தேவை. யு.ஜி.சி. நெட்டில் அரசியல் அறிவியலும் சமூகவியலும் தனித்தனிப் பாடங்கள். எம்.ஏ. எந்தப் பாடமோ அதில் எழுதுவதுதான் பாதுகாப்பு. நெட் மூலம் தரப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகையான ஜே.ஆர்.எஃப். கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய் உதவித்தொகையோடு ஆய்வு செய்யலாம். எம்.ஏ.வுக்குப் பக்கத்தில் பார்த்தால் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் இரண்டுக்கும் தனித்தனித் துறைகள் உள்ளன. பி.ஏ.வில் இரண்டையும் படித்தவர் எம்.ஏ.வில் ஒன்றைத் தேர்ந்து ஆழமாகப் போவதே நல்லது என்பது எங்கள் கருத்து. இரண்டாவது முறையும் கலந்து படித்தால் நேர்காணலில் ‘உங்கள் பாடம் எது’ என்ற முதல் கேள்விக்கே தடுமாற வேண்டிவரும்.

கலந்த பெயருள்ள பட்டத்துக்கு இணைத்தன்மை அரசாணை வேண்டும். ‘அரசியல் மற்றும் பொது நிர்வாகம்’, ‘சமூக அரசியல் ஆய்வுகள்’ போன்ற பெயர்களில் பட்டம் இருந்து, அறிவிக்கையில் ‘அரசியல் அறிவியல்’ என்று மட்டும் இருந்தால், இரண்டும் சமம் என்று அரசு ஆணை போட்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் தேர்வில் தேறிய பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் நிறுத்திவிடுவார்கள். பணம் கட்டும் முன்பே பல்கலைக்கழகப் பதிவாளர் அலுவலகத்தில் அரசாணை எண்ணைக் கேளுங்கள். ‘எல்லாம் சமம்தான்’ என்ற வாய்ச்சொல் அங்கே உதவாது.


கேள்வி: லண்டனில் இருக்கிறோம். மகன் ஏ-லெவல் முதலாண்டு. அரசியல், சமூகவியல் இரண்டையும் சேர்த்துப் படிக்கும் ஜாயின்ட் ஆனர்ஸ் பட்டம் கேட்கிறான். விண்ணப்பத்தில் எதைக் கவனிக்க வேண்டும்?
– ஒரு தாய், லண்டன்

பிரிட்டன் பல்கலைக்கழகங்களுக்கான பொது விண்ணப்ப அமைப்பான யூகாஸில் ஐந்து இடங்களுக்கு விண்ணப்பிக்கலாம்; ஐந்துக்கும் ஒரே சுய அறிக்கைதான் போகும். 2026 சேர்க்கையிலிருந்து அது மூன்று கேள்விகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது: ஏன் இந்தப் பாடம், படிப்பு எப்படித் தயார்படுத்தியது, படிப்புக்கு வெளியே என்ன செய்தீர்கள். மொத்தம் 4,000 எழுத்துகள், ஒவ்வொரு பதிலும் குறைந்தது 350. இரண்டு இடங்களுக்கு அரசியல் மட்டும், மூன்றுக்கு ஜாயின்ட் என்று கலந்து போட்டால் அறிக்கை எதற்குமே பொருந்தாமல் போகும். ஐந்தையும் கூடியவரை ஒரே சேர்க்கையாக வையுங்கள். கேம்பிரிட்ஜில் இதற்கு நெருக்கமானது எச்.எஸ்.பி.எஸ். (மானுட, சமூக, அரசியல் அறிவியல்கள்) என்ற படிப்பு, அதற்கு அக்டோபர் 15 கடைசி நாள், மற்றவற்றுக்கு ஜனவரி.

மூன்றாண்டுக்கு 360 கிரெடிட், ஆண்டுக்கு 120, பாடத்துக்குப் பாதி என்பது பொது அமைப்பு. திறந்த நாளில் துறைக்காரர்களிடம் மகன் இவற்றைக் கேட்கட்டும்: இரண்டு துறையின் கட்டுரைக் கெடுவும் ஒரே வாரத்தில் விழுமா? ஆய்வேட்டை எந்தத் துறையில் எழுதலாம்? இரண்டு துறைக்கும் பொதுவான ஆய்வு முறைத் தாள் உண்டா, இல்லை தனித்தனியா? கடைசிக் கேள்விக்கு ‘விருப்பம்தான், கட்டாயமில்லை’ என்று பதில் வந்தால், மகன் தானாகவே அந்தத் தாளை எடுக்க வேண்டும்.


கேள்வி: கல்லூரி திறக்க இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் என்ன செய்யலாம்?
– ஒரு மாணவர், மன்னார்குடி

பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு என்.சி.இ.ஆர்.டி. புத்தகங்கள் இணையத்தில் இலவசம். இரண்டு பாடத்துக்கும் வகுப்புக்கு இரண்டு. சமூகவியலில் பன்னிரண்டாம் வகுப்புப் புத்தகங்களிலிருந்து தொடங்குங்கள். இந்தியச் சமூகம் பற்றியவை என்பதால் பழகிய இடம்போல இருக்கும்.

அடுத்து, உங்கள் ஊராட்சியின் கிராம சபைக் கூட்டத்துக்குப் போய் உட்காருங்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் நடக்கும். கையில் ஒரு நோட்டு போதும். எத்தனை பேர் வந்தார்கள் என்று எண்ணுங்கள். 3,001 முதல் 10,000 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 200 பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை. யார் நாற்காலியில், யார் தரையில், யார் பந்தலுக்கு வெளியே நின்றபடி? பெண்களில் எத்தனை பேர் பேசினார்கள், பேசியவர்களின் கோரிக்கைக்கு யார் பதில் சொன்னார்? நூறு நாள் வேலைக்காரர்கள் கையெழுத்துப் போட்டதும் கிளம்பிவிட்டார்களா? எல்லாவற்றையும் நேரத்தோடு குறியுங்கள். சில நாள் கழித்து ஊராட்சி அலுவலகத்தில் தீர்மானப் புத்தகத்தைப் பார்க்கக் கேளுங்கள். அதில் எழுதியிருப்பதையும் உங்கள் நோட்டில் இருப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எது விட்டுப்போயிருக்கிறது, எது புதிதாகச் சேர்ந்திருக்கிறது என்று ஒரு பக்கம் எழுதுங்கள். முதல் செமஸ்டரில் இரண்டு துறை ஆசிரியர்களிடமும் அந்த ஒரு பக்கத்தைக் காட்டுங்கள்.